முதல் எட்டுத் தும்பிகள்

திருப்பூருக்குக் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துத் திசையைக் காட்டுவார்கள். நொய்யலில் நாலு நாள் சேர்ந்தாற்போலத் தண்ணீர் வந்தால் அதுவே பெரிய காரியம், வேடிக்கை பார்க்கப் பாலத்தில் கூட்டம் கூடிவிடும். அப்படிப்பட்ட ஊரில், 1971-ஆம் வருஷம் தை மாதம், ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த சாரதாமணிக்குப் பாய்மரப் படகுகளைத் தேடும் பைத்தியம் பிடித்தது.

பைத்தியம் என்று நான் சொல்லவில்லை, கூட வேலை செய்த பெண்கள் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. புருஷன் போய் எட்டு வருஷமான பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயதில், ஒரு பழைய இங்கிலீஷ் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால் வேறு என்ன சொல்வார்கள்?

அந்தப் பேப்பர் பண்டல் கட்டுவதற்காக வந்தது. சாரதாமணி அதை விரித்தபோது நடுப்பக்கத்தில் ஒரு படம். தண்ணீரில் நாலைந்து படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பாயிலும் மேலே ஒரு தும்பி வரைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கையில் கத்தரி இருப்பதே மறந்துவிட்டது. எழுந்து நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனாள்.

ஆபீஸ் ரூமில் டைப்பிஸ்ட் நாச்சிமுத்து இருந்தார். கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். வயது ஐம்பதை நெருங்குகிறது. மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருப்பார். யாராவது உள்ளே வந்தால் முதலில் ஒரு முறை எரிந்து விழுந்துவிட்டுத்தான் விஷயம் கேட்பார்.

"ஏனுங்கம்மணி, வேலை நேரத்துல இங்க என்ன சோலி?"

"இதுல என்ன போட்டிருக்குதுங்க, சித்தெ படிச்சுச் சொல்லுங்கண்ணா."

அவர் படித்தார். ஏதோ ஊரில் படகுப் பந்தயம். ஓடியவை எல்லாம் 'தும்பி' என்கிற ஒரே மாதிரிப் படகுகள். கொச்சிப் பக்கம் ஒரு கம்பெனி கட்டுகிறது. இதுவரை முந்நூறுக்கு மேல் கட்டியாகிவிட்டதாம்.

"மொத எட்டு எங்க இருக்குதுன்னு போட்டிருக்குதுங்களா?"

நாச்சிமுத்து கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "மொத எட்டு இருந்தா என்ன, கடைசி எட்டு இருந்தா என்ன? உங்களுக்கு எதுக்கு அது?"

"மொத எட்டுக்குப் பாய்த்துணி நெஞ்சது என்ற ஊட்டுக்காரருங்க."

நாச்சிமுத்து டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார்.

விஷயம் இதுதான். சாரதாமணியின் கணவன் ஞானசம்பந்தம் சாமளாபுரத்தில் குழித்தறி போட்டிருந்தவன். ஊரில் மற்றவர்கள் வேட்டி, துண்டு என்று நெய்தபோது, அவன் கூடாரத் துணி, வண்டிக்கு மேலே போடும் துணி என்று தடித்த துணியாகவே நெய்தான். கைக்கு அது படிந்துபோயிருந்தது. எல்லாரும் குறுக்கே ஊடை நூல் ஒன்று ஓடினால் அதை நெருக்கிவிடப் பலகையை ஒரு தட்டுத் தட்டுவார்கள். இவன் இரண்டு தட்டுவான். ஒன்று சத்தமாக, ஒன்று மெதுவாக. தெருமுனையில் வரும்போதே அது அவன் தறி என்று சாரதாமணிக்குத் தெரியும். அந்தத் துணியில் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் இறங்க யோசிக்கும்.

1958-இல் கொச்சியிலிருந்து ஒருவர் வந்தார். பாய்த்துணி வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோயிருந்த சமயம். நூல் வியாபாரி ஒருவர் கையைக் காட்டிவிட, விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் ஒரு முழ நீளத்துக்கு மரத்தில் செய்த சின்னப் படகு, அதன் பாயில் ஒரு தும்பி. புதுசாக ஒரு தினுசுப் படகு கட்டப் போகிறோம், எல்லாம் ஒரே அச்சு, முதலில் எட்டு, ஒரு படகுக்கு ஒரு பாவு, அதாவது ஒரு தடவை தறியில் ஏற்றும் நூல் முழுக்க நெய்த துணி வேண்டும் என்றார். அவன் நெய்து கொடுத்தான். படகு தண்ணீரில் இறங்குகிற அன்றைக்குக் கடுதாசி போடுகிறேன், குடும்பத்தோடு வந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவரிடமிருந்து கடுதாசியே வரவில்லை. ஒன்பதாவது படகுக்கு வேறு துணி கிடைத்திருக்கும். ஞானசம்பந்தம் இரண்டு மாசம் தபால்காரரைக் கேட்டான், அப்புறம் கேட்பதை விட்டான். 63-இல் காமாலை வந்து பதினெட்டு நாளில் போய்ச்சேர்ந்தான். கடலை அவன் பார்த்ததே இல்லை.

"அதுக்குங்கம்மணி, இப்பப் படகைத் தேடி என்ன பண்றது?" என்றார் நாச்சிமுத்து. குரலில் எரிச்சல் பாதி போயிருந்தது.

 சாரதாமணிக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சொல்லிவிட்டாள். அவள் மாமனார் வீட்டில் ஒரு வழக்கம். தறியில் இறங்கிய துணியில் ஒரு கெஜம்கூட வீட்டில் தங்கக் கூடாது. நெய்கிறவன் தன் துணியைத் தானே உடுத்தினால் தறி படுத்துவிடும் என்பார் மாமனார். ஆகவே நெய்ததெல்லாம் விற்றுப்போகும். வீட்டுக்கு வேண்டியது கடையில் வாங்கியது. ஞானசம்பந்தம் செத்த அன்று அவன் மேல் போட்ட கோடித்துணியும் கடையில் வாங்கிய மில் துணிதான். வாழ்நாள் எல்லாம் துணி நெய்தவன் எவனோ நெய்த துணியில் போனான். கூடாரமும் வண்டித்துணியும் இத்தனை வருஷத்தில் கந்தலாகி மண்ணோடு போயிருக்கும். போட்டோ ஒன்றுகூட எடுக்கவில்லை.

"அவரு கை பட்டது ஒண்ணு என்ற கையில இல்லீங்கண்ணா. ஒரு துண்டு கெடச்சாப் போதும். மொகம்கூட மறந்துட்டு வருது. துணியத் தொட்டா அடையாளம் தெரியும்ங்க எனக்கு."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினார். அது கம்பெனி லெட்டர்ஹெட் என்பதை அவரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கவனிக்காததுபோல இருந்துவிட்டார்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வியாபார இங்கிலீஷ். சரக்கு அனுப்பிவைத்தோம், சரக்கு வந்துசேர்ந்ததா, தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறோம். அதே தோரணையில் கொச்சிக் கம்பெனிக்கு எழுதினார். 1958-இல் தங்களுக்கு அனுப்பிய எட்டுப் பாவுத் துணி தற்சமயம் எங்கே எந்த நிலையில் உள்ளது என்று மறுதபாலில் தெரிவிக்கவும். பதிமூன்று வருஷம் கழித்துச் சரக்கைப் பற்றி விசாரிக்கிறார்களே என்று அங்கே ஒருவர் பயந்துபோயிருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வாரத்தில் பதில் வந்துவிட்டது.

எழுதியவர் ஒரு பழைய குமாஸ்தா. தும்பி எண் ஒன்று முதல் எட்டு வரை யார் வாங்கினார்கள் என்று அழகாக வரிசை போட்டிருந்தார். "முதல் எட்டுக்கு மட்டும்தான் உங்கள் ஊர்த் துணி. ஒன்பதிலிருந்து மில் துணி. இப்போது எல்லாம் டெரிலின்" என்று குறிப்பும் இருந்தது. கடைசியில், ஒன்றாம் எண் படகு கம்பெனி வாசலிலேயே நிற்கிறது, பாய் மட்டும் நாலாவது மழைக்காலத்தில் இற்றுவிட்டது என்றும், இரண்டாம் எண் காயலில் மூழ்கியது, எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

"ஆறு இருக்குதுங்க" என்றாள் சாரதாமணி. மூழ்கிய படகுக்காக வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை.

மூன்றாம் எண் பம்பாயில் ஒரு கிளப்பில். அங்கிருந்து பதிலாக, கிளப்பில் உறுப்பினராகச் சேருவதற்கான பாரம் வந்தது. நாச்சிமுத்து அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார்.

நாலாம் எண் பெங்களூரில் ஒரு ரிட்டயர்டு கர்னலிடம். அவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். தும்பியில் தான் எத்தனை கோப்பை ஜெயித்தேன், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எதிரி எப்படித் தோற்றான் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார். சாரதாமணி பக்கத்தில் நின்று, "பாயி, பாயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் அது வந்தது. அருமையான பாய், அதுபோல ஒன்றை நான் பார்த்ததே இல்லை, பழசானபின் என் ஜீப்புக்குக் கூரையாகப் போட்டேன், ஜீப்பை 1965-இல் விற்றுவிட்டேன். பின்குறிப்பு: உங்கள் கம்பெனி பனியன் தயாரிப்பது லெட்டர்ஹெட்டில் தெரிகிறது, நாற்பத்திரண்டு சைஸில் இரண்டு டஜன் அனுப்பவும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பாயைத் தேடப் போய் ஆர்டர் வந்தது. முதலாளிக்கு விஷயம் தெரிந்து கூப்பிட்டு விசாரித்தார். லெட்டர்ஹெட்டில் எழுதிய குற்றத்தோடு நாச்சிமுத்து போய் நின்றார். முதலாளி கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னும் யாராருக்கு எழுதோணுமோ எழுதிப்போடுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த ஒரு வார்த்தை போதும் என்று சாரதாமணி வாரம் தவறாமல் ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை வந்தால் தலைக்கு ஊற்றி, நல்ல சேலை கட்டி, விருந்துக்கு உறம்பரை வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வருவாள். தபால் இல்லை என்றால், "செரிங்கண்ணா" என்று ஒரு சொல். அந்தச் சொல்லைக் கேட்கச் சகிக்காமல் நாச்சிமுத்து சில சனிக்கிழமைகளில் பின்கதவு வழியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்.

எட்டாம் எண் கொழும்புக்குப் போனது. எழுதிய கடிதம் அப்படியே திரும்பி வந்தது. ஆறாம் எண் வால்டேரில் ஒரு பள்ளிக்கூடத்தில். படகு இருந்த கொட்டகை தீப்பிடித்து எல்லாம் போயிற்று என்று ஹெட்மாஸ்டர் வருத்தத்தோடு எழுதினார். இப்படி ஒவ்வொன்றாகக் கழிய, சாரதாமணி இளைத்துக்கொண்டே வந்தாள். புருஷன் செத்தபோது ஒரு தடவைதான் செத்தான். இப்போது தபால் வருகிற போதெல்லாம் சாகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தும் விட முடியவில்லை. இரவு வரும் கனவில் ஞானசம்பந்தம் தறிக்குழியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், திரும்பவே இல்லை.

அப்புறம் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்தாம் எண் படகு கரையில் மோதி உடைந்து விறகாகிவிட்டது. ஆனால் பாய் நன்றாக இருந்தது. அதைக் கோடைக்கானலில் ஒரு பங்களாக்காரர் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போனார். அவரிடமும் ஒரு தும்பி உண்டு.

நாச்சிமுத்து குமாஸ்தாவின் வரிசையை எடுத்துப் பார்த்தார். இன்னும் எழுதாமல் மிச்சமிருந்த ஏழாம் எண் கோடைக்கானல், அதே பங்களா.

"அம்மணி! ஒரே ஊட்டுல ரெண்டு பாய்! அஞ்சும் அங்க, ஏழும் அங்க!" கம்பெனி முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார்.

கோடைக்கானலுக்கு எழுதினார்கள். பதில் வர ஒரு மாசம் ஆனது. வந்தது ஒரு கார்டு, அதுவும் தமிழில். யாரையோ எழுதச் சொல்லி எழுதியிருந்தது. "ஐயா காலமாகிவிட்டார்கள். பிள்ளை சீமையில் இருக்கிறார்கள். சாவி என்னிடம் உள்ளது. பழைய பாய் மச்சில் உள்ளது. எலி கடிக்கவில்லை. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம், இங்கே யாருக்கும் வேண்டாம். இப்படிக்கு, காவல்காரன் லிங்கசாமி."

எலி கடிக்கவில்லை என்கிற வரியை நாச்சிமுத்து நாலு தடவை படிக்க வேண்டியிருந்தது.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று பஸ் மாறி, மலை ஏறும்போது இரண்டு முறை வாந்தி எடுத்து, சாரதாமணி கோடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ஏரியைப் பார்த்தாள். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் அவள் கண்டதில்லை. கடல் இதைவிடப் பெரிதாக இருக்குமா என்று வழியில் ஒருவரிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

லிங்கசாமி ஆயக்குடிக்காரர். அறுபது வயது, கம்பளியால் காதை மூடிக் கட்டியிருந்தார். பங்களா பூட்டிக் கிடந்தது. ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே படகு கவிழ்த்து வைத்திருந்தது. பெயிண்ட் உரிந்து, அடிப்பலகை ஒன்று பெயர்ந்துபோயிருந்தது. சாரதாமணி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் மரம்.

லிங்கசாமி மச்சில் ஏறி ஒரு துணிச் சுருளை இறக்கினார். தூசியைத் தட்டிப் பெஞ்சின் மேல் விரித்தார். காவி ஏறிய வெள்ளை, மூலையில் மங்கலாக ஒரு தும்பி.

சாரதாமணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.  கட்டைவிரல் நகத்தைத் துணியின் மேல் வைத்து மெதுவாக ஓட்டினாள். இன்னொரு இடத்தில் ஓட்டினாள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நூலுக்கு நூல் நடுவே வெளிச்சம் பொடிப்பொடியாகத் தெரிந்தது.

இரண்டாவது தட்டு இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும். சாரதாமணி நாச்சிமுத்துவிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. எட்டுப் பாவில் ஒன்றை நெய்தது ஞானசம்பந்தம் இல்லை, அவள்தான். அந்த ஆடியில் அவனுக்கு வலது அக்குளில் கட்டி வந்து கையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டான். கொச்சிக்காரருக்குச் சொன்ன தேதி நெருங்கியது. அதுவரை ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தறியில் இறங்கி, பதினோரு நாளில் ஒரு பாவை முடித்தாள். அவள் கைக்கு அந்தத் தடித்த நூல் அடங்கவில்லை. ஒரு தட்டுக்கே தோள் கழன்றது. எட்டில் ஒன்றுதானே, அது நமக்கா வந்து வாய்க்கப் போகிறது என்றுதான் இத்தனை மாசம் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்த்தது.

"இது இல்லீங்க" என்றாள்.  "இன்னொண்ணு இருக்கோணும். மெட்ராஸ்ல இருந்து வாங்கிட்டு வந்தது."

"அதா?" லிங்கசாமி சிரித்தார். "அது போயிருச்சுங்களே. அறுபத்தாறுல ஒரு நாளு நல்ல காத்து, மேல இருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சுபோச்சு. பாருங்க, இது இருக்குதே, இந்தப் படகோட வந்த பாயி, இது சொத்தைங்க. காத்து நிக்காது, வவுறு தொங்கும். ஐயா ரெண்டு வருசம் ஓட்டிப் பாத்துப்போட்டு, மச்சுல தூக்கிப் போடுன்னுட்டாரு. அதனாலதான் எலிகூட அண்டாமக் கெடக்குது."

சாரதாமணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சொத்தைத் துணி வாழ்கிறது, நல்ல துணி செத்துவிட்டது. கடவுளுக்குக் கண் இருந்தால் அந்தக் கண்ணைப் பிடுங்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மருதமலை முருகனாக இருந்தாலும் சரி, இது நியாயமில்லை.

"ஆனா அந்தப் பாயி இருந்துதே அம்மணி" லிங்கசாமி அவளைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், "அது வேற சாதிங்க. ஐயாவுக்கு நாந்தான் கூடக் கவுறு புடிப்பேன். அஞ்சு வருசம் புடிச்சேன். காத்து ஏறுச்சுன்னா சத்தமே வராது. மத்த பாயெல்லாம் படபடன்னு அடிச்சுக்கும். இது கம்முனு நிக்கும். கவுத்துல மட்டும் தெரியும்ங்க, உள்ளங்கையில, ஆரோ அந்தப் பக்கம் இருந்து இழுத்துப் புடிச்சிருக்கற மாதிரி. எவன் நெஞ்சானோ, நல்ல கையி."

சாரதாமணி அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். லிங்கசாமி பதறிப்போய், "என்னுங்க, என்னுங்க, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் கையைப் பார்த்தாள். காய்ப்பு ஏறிய கை. ஐந்து வருஷம் அந்தக் கையில் அவன் இழுத்துப் பிடித்திருக்கிறான். எனக்கு ஏழு வருஷம்தான், இந்த மனுஷனுக்கு ஐந்து வருஷமா என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அவர் தேத்தண்ணீர் வைக்கப் போனார். தனியாக உட்கார்ந்திருந்தவள், வேறு செய்ய ஒன்றுமில்லாமல், தன் துணியையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்த்தாள். தன் கை, அதுவும் இருபத்திரண்டு வயதுக் கை. இங்கே அவசரப்பட்டிருக்கிறாள். இங்கே இழை அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறாள், முடிச்சு அசிங்கமாக இருக்கிறது. நகத்தை ஓட்டிக்கொண்டே போனாள். நாலாவது தையலைத் தாண்டியதும் நகம் நின்றது.

திரும்ப ஓட்டினாள். அங்கே துணி வேறாக இருந்தது. கெட்டியாக, வழவழப்பாக, நகம் வழுக்கிக்கொண்டு போனது. வெளிச்சத்தில் பிடித்தாள். மேலேயும் கீழேயும் பொடிப்பொடியாக வெளிச்சம். நடுவே ஒரு பட்டை மட்டும் சுவர் மாதிரி இருட்டு.

அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள் அவள் சோமனூர்ச் சந்தைக்குப் போயிருந்தாள். காய்கறிக் கூடையோடு தெருவில் திரும்பும்போதே கேட்டது. ஒன்று சத்தமாக, ஒன்று மெதுவாக. கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால், வலது கையை மார்போடு துண்டால் கட்டிக்கொண்டு, இடது கையால் பலகையை இழுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். வேர்த்துக் கொட்டுகிறது. அவள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். கட்டி உடைஞ்சா உசிரு போயிரும், பொழைக்கோணுமா வேண்டாமா என்றாள். கையைப் பிடித்து இழுத்துத் தறியை விட்டு வெளியே ஏற்றினாள். "நீ நெஞ்சதைப் பாத்துட்டே படுத்திருந்தேன், கையி நிக்கலீடி" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் நெய்ததை எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல், மேலேயே தன் ஊடையை ஓட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் இது ஒரு தடவையும் நினைவுக்கு வந்ததில்லை. அவன் சிரித்த முகம், மேல் பல் ஒன்று மேல் ஒன்று ஏறியிருக்கும் அந்த முகம், இப்போது பளிச்சென்று நின்றது.

கை விரலை விரித்து அந்தப் பட்டையின் மேல் வைத்தாள். சரியாக ஒரு சாண்.

லிங்கசாமி டம்ளரோடு வந்தபோது அவள் துணியில் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் மடியிலிருந்து கத்தியை எடுத்தார். "அந்த ஒரு சாணை மட்டும் அறுத்துத் தரட்டுங்களா? இத்தனையும் சொமந்துட்டு எங்க போவீங்க?"

சாரதாமணி இரண்டு கையாலும் துணியை மூடிக்கொண்டாள். "வேண்டாமுங்க. அறுத்தாப் பிரிஞ்சிரும். ரெண்டு பக்கமும் என்ற துணி புடிச்சிட்டு இருக்குது."

துணிச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் ரூமில் நாச்சிமுத்து அந்த ஒரு சாணை மூன்று முறை தொட்டுப் பார்த்தார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படியோ கெடச்சிருச்சுங்கம்மணி. ஃபைலை மூடிப்போடலாமுங்களா?"

"ஏனுங்கண்ணா மூடோணும்?" சாரதாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதுவரை அவர் சொல்லாமல் அவள் உட்கார்ந்ததே இல்லை. "இது ஒரு சாண் தானுங்க. அந்த மனுசன் ஏழு பாவு நெஞ்சாரு."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை, அடுத்த கடிதம் எழுதவென்றே உட்கார்ந்திருந்தாள்.

"பம்பாய்க்காரங்க பாரந்தான் அனுப்புனாங்க, பாயி இல்லேன்னு சொல்லலீங்களே. கொழும்புக் கடுதாசி வெலாசம் தப்பித்தானுங்க திரும்பி வந்துச்சு. ஜீப்பை ஆரு வாங்குனாங்கன்னு கர்னலுக்குத் தெரியாமயா இருக்கும்?"

அவர் டைப்ரைட்டரில் புதுக் காகிதத்தைச் செருகினார். தேதியை அடித்தார்.

"மொதல்ல ஆருக்குங்க?" என்று கேட்டார்.